துறவிப் பாறையா, கடற்பஞ்சுத் தீவா?

கிரேக்க நாட்டுக்குப் பாறை ஏறப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டாள்: "ஏன்டா, இங்க பாறைக்கா பஞ்சம்?" பதில் சொல்ல முடியாத கேள்வி. நான் வேலை பார்க்கும் பெங்களூரிலிருந்து ராமநகரம் கூப்பிடு தூரம். பாதாமிக்கும் ஹம்பிக்கும் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் பாறையடியில் நிற்கலாம். ஆனால் கிறுக்குத் தலைக்கேறியவனிடம் நியாயம் பேசி என்ன ஆகப்போகிறது? எனக்கு இருப்பது போதாதென்று என் மச்சினனுக்கும் அதைத் தொற்ற வைத்துவிட்டேன். விசா கைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் ஓயாத சண்டை. நாடு கிரேக்கம் என்பதில் தகராறில்லை. அதில் எந்த ஊர் என்பதில்தான்.

நான் மெட்டியோரா கட்சி. வடக்கே தெசலி சமவெளி முடியும் இடத்தில் தூண் தூணாக எழும்பி நிற்கும் பாறைகள், அவற்றின் உச்சந்தலையில் மடாலயங்கள். படத்தில் பார்த்த அன்றே மனசைக் கொடுத்துவிட்டேன். அவன் காலிம்னோஸ் கட்சி. துருக்கிக் கரைக்குப் பக்கத்தில் ஏஜியன் கடலில் கிடக்கும் சுண்ணாம்புக்கல் தீவு. 3,000-க்கும் மேற்பட்ட ஏறுவழிகள். உலகம் முழுவதிலுமிருந்து ஏற்றக்காரர்கள் வந்து குவிகிற இடம். "அத்தான், காலையில பாறை, மத்தியானம் கடல். இதுக்கு மேல என்ன வேணும்?" என்பது அவன் வாதம். கடைசியில் என் மனைவிதான் பஞ்சாயத்து செய்தாள். முதலில் மெட்டியோரா. அங்கே ஒரு பாறை ஏறிப் பார்ப்பது. இருவருக்கும் பிடித்தால் மிச்ச லீவும் அங்கேயே. ஒருவருக்குப் பிடிக்காவிட்டாலும் தீவுக்குக் கப்பல் ஏறிவிட வேண்டியது.

ஏதென்சிலிருந்து பஸ் பிடித்து, திரிகாலாவில் மாறி, கலம்பாக்காவில் இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. எங்கே அந்த அதிசயப் பாறைகள் என்று கழுத்தை வளைத்துத் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை, குளிர் மட்டும்தான் தெரிந்தது. அக்டோபர் மாதக் குளிர் இது, இன்னும் குளிர்காலமே வரவில்லை என்று சிரித்தார்கள். தூத்துக்குடி உப்புக்காற்றில் வளர்ந்த எலும்புக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை. பக்கத்துக் கிராமமான கஸ்ட்ராக்கியில் தங்கினோம். வீட்டுக்காரப் பாட்டி எங்கள் பற்கள் தந்தியடிப்பதைப் பார்த்துவிட்டு, காய்ந்த மலைச்செடியைக் காம்போடு கொதிக்கவைத்து, தேன் விட்டு நீட்டினார். துளசிக் கஷாயத்தின் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு வாசனை. தெருவெல்லாம் விறகுப் புகை. கம்பளிக்குள் நுழைந்ததுதான் தெரியும்.

காலையில் மச்சினன் ஜன்னல் கதவைத் திறந்தான். திறந்தவன் பேசவே இல்லை. என்னடா என்று எழுந்து போய்ப் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே வானம் இருக்கவேண்டிய இடத்தில் கல் இருக்கிறது! ஓட்டு வீடுகளுக்கு நேர் மேலே, கறுப்பும் சாம்பலுமாக, வழவழவென்று, அண்ணாந்து பார்த்தும் முடியாமல் போய்க்கொண்டிருக்கிறது. அடியில் பனிமூட்டம் சுற்றியிருந்ததால் அது தரையில்தான் நிற்கிறதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. இத்தனையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு இந்த ஊர் ஜனங்கள் நிம்மதியாகக் காபி குடிக்கிறார்களே என்பதுதான் என் முதல் வியப்பு.

கிட்டத்தில் போய்த் தொட்டபோது இரண்டாவது வியப்பு. இது ஒரே கல் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆறு ஒன்று கடலில் கலந்த இடத்தில் கூழாங்கல்லும் மணலும் குவிந்து, இறுகி, பிறகு நிலம் உயர்ந்து, பிளந்து, மழையும் காற்றும் அறுத்து நிறுத்திய தூண்கள் இவை. கோவில்பட்டி கடலைமிட்டாயை நெட்டுக்குத்தாக நிறுத்தி முன்னூறு மீட்டருக்கு வளர்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. சில கற்கள் கோலிக்குண்டு அளவு. சில நம் தலை அளவு. அவற்றில்தான் கை வைத்து, கால் வைத்து ஏற வேண்டும். "பிடுங்கிக்கிட்டு வந்துடாதுல்ல அத்தான்?" என்று மச்சினன் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தான். பெரும்பாலும் வராது என்றேன். அந்தப் 'பெரும்பாலும்' அவனுக்கு ரசிக்கவில்லை.

கயிறு பிடிப்பதற்கு முன் மடாலயங்களைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். 14-ஆம் நூற்றாண்டில் ஆதோஸ் மலையிலிருந்து வந்த அதனாசியோஸ் என்ற துறவி இங்கே பெரிய மடத்தைத் தொடங்கிவைத்தார். செழிப்பான காலத்தில் 24 மடங்கள் இருந்தனவாம். இன்று ஆறில்தான் ஆள் இருக்கிறார்கள். 1988-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். வாசலில் பெண்களுக்குப் பாவாடை போல இடுப்பில் சுற்றிக்கொள்ளத் துணி தருகிறார்கள். உள்ளே மெழுகும் சாம்பிராணியும் கலந்த வாசனை. சுவரெல்லாம் கறுத்த சாயத்தில் புனிதர்கள். ஓர் அறையில், போன தலைமுறைத் துறவிகளின் மண்டையோடுகளை அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்த மச்சினன் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டான்.

என்னைக் கட்டிப்போட்டது வர்லாம் மடத்தின் கோபுர அறைதான். 1920-களில் பாறையில் படி வெட்டும்வரை மேலே வர நூலேணி, இல்லையென்றால் வலை. ஆமாம், வலை! கயிற்று வலைக்குள் ஆள் குந்திக்கொள்ள, மேலே மர உருளையைச் சுற்றிச் சுற்றி இழுப்பார்கள். வலை அந்தரத்தில் சுழன்றுகொண்டே மேலே வரும். அரிசி பருப்பும் அப்படித்தான், மடாதிபதியும் அப்படித்தான். அந்த உருளை இன்னும் இருக்கிறது, கயிறு உரசிய தடத்தோடு. கயிற்றை எப்போது மாற்றுவீர்கள் என்று யாத்ரீகர் ஒருவர் கேட்டாராம். ஆண்டவன் அறுக்கும்போது மாற்றுவோம் என்றாராம் துறவி. வழிகாட்டிகள் எல்லோரும் சொல்கிற கதைதான். இருந்தாலும் அன்று மாலை என் கயிற்றை விரல்விட்டு அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன்.

மடங்கள் இருக்கும் பாறைகளில் ஏறக்கூடாது, அது தடை. அதனால் குறைந்துவிடவில்லை, மற்றவை ஏராளம். 1975-லிருந்து டீட்ரிச் ஹாசே, ஹைன்ஸ் லோதர் ஸ்டூட்டே என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இங்கே வந்து வழிகளைத் திறந்தார்கள். ஜெர்மனியின் சாக்சனி மணற்கல் பாறைகளில் வளர்ந்த மரபு அவர்களுடையது. கீழிருந்து ஏறிக்கொண்டே, நிற்க இடம் கிடைத்த இடத்தில் கையால் துளையிட்டு வளையம் அடிப்பார்கள். நிற்க இடம் கிடைக்காவிட்டால் வளையமும் கிடையாது. பர்வதமலையில் பாறையில் அடித்திருக்கும் கடப்பாறைகளைப் பிடித்து ஏறியவர்கள் இரும்பைப் பார்த்தால் தைரியம் கொள்வார்கள். இங்கே வளையத்தைப் பிடித்து ஏறுவது கணக்கில் வராது. கையும் காலும் கல்லில்தான். வளையத்தில் கயிற்றை மாட்டிக்கொள்வது விழுந்தால் தாங்கத்தான். கடைசியாக மாட்டிய வளையத்துக்கு மேலே எத்தனை மீட்டர் போயிருக்கிறோமோ அதைப் போல் இரண்டு மடங்கு விழுவோம். இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் மெட்டியோரா என்ன வகை ஊர் என்பது புரிந்துவிடும்.

மறுநாள் தூபியானி பாறை. துறவிகள் முதன்முதலில் கூடி வழிபட்ட இடம் இதன் அடிவாரம்தான், சின்னக் கோயில் ஒன்று இன்னும் இருக்கிறது. நாங்கள் தேர்ந்தெடுத்தது சுலபமான வழி. வழிகாட்டிப் புத்தகம் அப்படித்தான் சொன்னது. நான் முன்னால் ஏறினேன். கல் ஐஸ் மாதிரி குளிர்ந்து, விரல்நுனி மரத்துப்போனது. முதல் வளையம் எங்கே என்று பார்த்தால், அது பாட்டுக்கு மேலே எங்கேயோ மினுங்குகிறது. ஒரு கூழாங்கல்லில் வலது கால், இன்னொன்றில் இடது கால், உள்ளங்கைக்கு ஒரு பூசணிக்காய்க் கல். கஷ்டமே இல்லை, படி ஏறுவது போலத்தான். ஆனால் அந்தப் படிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. அப்போது எங்கோ ஒரு மடத்திலிருந்து டக்… டக்டக்… டக்… என்று சத்தம். மரப்பலகையைச் சுத்தியால் தட்டித் துறவிகளை வழிபாட்டுக்கு அழைப்பது இங்கத்திய வழக்கம். பள்ளத்தாக்கு முழுவதும் அது எதிரொலித்தது. என் நெஞ்சுக்குள்ளும் அதே தாளம்.

ராமநகரத்துச் சாய்வுப் பாறைகளில் காலை மட்டும் நம்பி ஏறிப் பழகியவன் நான். எனக்கு அந்த வெறுமை மெல்ல மெல்லப் பிடித்துப்போயிற்று. மச்சினன் கதை வேறு. ஜிம் சுவரில் விரல்நுனியில் தொங்குகிற பலசாலி அவன், என்னைவிட இரண்டு கிரேடு மேலே ஏறுகிறவன். அடுத்த கட்டம் அவன் முன்னால் போகவேண்டிய முறை. பாதி தூரம் போனவன் நின்றுவிட்டான். மேலே வளையம் தெரியவில்லை, கீழே வளையம் தொலைவில். கால் தையல் மெஷின் மிதிப்பது போல நடுங்குவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

"மாப்ளே, மூச்சு விடுடா. கல்லு உன்ன விடாது."

"கல்லு விடாது அத்தான். நான்தான் கல்ல விட்டுருவேன் போலிருக்கு!"

ஏறிவிட்டான், நன்றாகவே ஏறினான். உச்சியில் ஒரு பெட்டிக்குள் நோட்டுப் புத்தகம் இருந்தது. ஏறி வந்தவர்கள் பெயர் எழுதிவைக்கும் சாக்சனி மரபு இங்கும் தொடர்கிறது. தமிழில் எங்கள் பெயர்களை எழுதினோம். எதிரே பாறைத் தலைகளில் மடங்கள், தூரத்தில் பிண்டஸ் மலைத்தொடர், அடியில் பினியோஸ் ஆறு, ஒலிக்கின்ற ஆட்டுமணிகள். வாயைப் பிளந்துகொண்டு நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அவனோ எப்படி இறங்குவது என்று மட்டும் கேட்டான்.

அன்று இரவு சாப்பாட்டுக் கடையில் சுடச்சுட வெள்ளை பீன்ஸ் சூப், கூட ரொட்டி. கடைக்காரர் எதிரே இருந்த பாறையைக் காட்டினார். நட்ட நடுப்பாறையில் ஒரு குகை வாய், அதில் வண்ண வண்ணமாகத் துணிகள் தொங்குகின்றன. புனித ஜார்ஜ் திருநாளன்று ஊர் இளவட்டங்கள் கயிற்றைப் பிடித்து அந்தக் குகைக்கு ஏறி, வேண்டுதலுக்காகக் கொடுத்த கைக்குட்டைகளைக் கட்டிவிட்டு, போன வருஷத்துத் துணிகளை இறக்கிக்கொண்டு வருவார்களாம். நம் ஊர் வேப்பமரங்களில் மஞ்சள் துணி கட்டுகிற வேண்டுதல், இங்கே செங்குத்துப் பாறையில்! நான் உருகிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். மச்சினன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அத்தான், ஊர் நல்லாருக்கு. பாறையும் நல்லாருக்கு. ஆனா நாளைக்கும் இதேன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

என் மனசு பாறையோடு ஒட்டிக்கிடந்தது. ஆனால் இரண்டு பேர் ஒரு கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறுகிற காரியத்தில் ஓட்டெடுப்பு நடத்த முடியாது. பயந்த கை கயிற்றைச் சரியாகப் பிடிக்காது. மூட்டையைக் கட்டினோம்.

பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறி, ராத்திரி முழுக்க ஆடி ஆடி, விடியலில் காலிம்னோஸின் பொத்தியா துறைமுகம். வெள்ளை, நீலம், மஞ்சளில் பெட்டி பெட்டியாக வீடுகள். காற்றில் வெதுவெதுப்பு. ஸ்வெட்டரைக் கழற்றியபோது உடம்பே நன்றி சொன்னது. துறைமுகத்துக் கடைகளின் முன்னால் கூடை கூடையாகக் கடற்பஞ்சு. இந்தத் தீவே அதில்தான் பிழைத்தது. தீவின் மறுபக்கம் மசூரி என்ற ஊரில் அறை. அங்கே தெருவில் போகிறவர்கள் எல்லோர் தோளிலும் கயிறு, ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் இடுப்பில்கூடக் கொக்கிகள் கிணுகிணுக்கின்றன. ராமநகரத்தில் கயிற்றோடு நடந்தால் கிணறு இறைக்க வந்தவனோ என்று பார்ப்பார்கள். இங்கே கயிறு இல்லாதவனைத்தான் யார் என்று பார்க்கிறார்கள்.

1996-இல் விடுமுறைக்கு வந்த ஆந்திரேயா தி பாரி என்ற இத்தாலிய ஏற்றக்காரர் இந்தப் பாறைகளைப் பார்த்து மயங்கினார். பிறகு நண்பர்களோடு திரும்பி வந்து முதல் வழிகளைத் திறந்தார். அதற்குமுன் இவை ஆட்டுக்கும் இடையருக்கும்தான் சொந்தம். ஆடுகள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. பாறைக்கு ஏறும் ஒற்றையடிப்பாதையில் தைம், சேஜ் செடிகளை மிதிக்க மிதிக்க மூக்கைத் துளைக்கும் வாசனை. பாதி வழியில் ஓர் ஆடு என் பையைத் திறந்து வாழைப்பழத்தை எடுத்துத் தின்றுவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது.

அப்புறம் 'கிராந்தே குரோத்தா' குகை. அம்மாடி! மலையின் வாய் திறந்திருக்கிறது, மேலண்ணத்திலிருந்து ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் சுண்ணாம்புக்கல் விழுதுகள் தொங்குகின்றன. அவற்றைக் கால்களால் கட்டிப்பிடித்துக்கொண்டு, கைகளை உதறி ஓய்வெடுக்கிறார்கள் மனிதர்கள். தலைகீழாக ஒருத்தி, பக்கவாட்டில் ஒருவர். மச்சினன் முகத்தில் தீபாவளி. வளையங்கள் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்று. வழியின் பெயர்கூடப் பல இடங்களில் அடியிலேயே எழுதியிருக்கிறது. பாறை வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதால் கை விட்டால் எதிலும் மோதாமல் காற்றில் விழலாம். அவன் விழுந்தான். சிரித்தான். மறுபடி விழுந்தான். இரண்டு நாள் முன்னால் மெட்டியோராவில் நடுங்கிய அதே ஆள்!

இங்கே முழிபிதுங்கியது எனக்கு. காலை நம்பிப் பழகியவனுக்கு இந்தக் கவிழ்ந்த பாறையில் வேலை இல்லை, எல்லாம் தோள்பட்டைக் கணக்கு. குகைக்கு அக்கம்பக்கத்தில் என்னைப் போன்றவர்களுக்கும் சுலப வழிகள் கொட்டிக்கிடக்கின்றன என்பதால் மானம் தப்பியது. இந்தப் பாறைகள் மேற்குப் பார்த்தவை. மதியத்துக்கு மேல் வெயில் ஏறியதும் கூட்டம் அப்படியே கடலுக்கு இறங்கிவிடுகிறது. எதிரே டெலெண்டோஸ் தீவு. கி.பி. 554-இல் வந்த நிலநடுக்கத்தில் காலிம்னோஸிலிருந்து அறுந்துபோன துண்டு அது என்கிறார்கள். இடையில் மூழ்கிய பழைய ஊருக்கு மேலேதான் நீந்துகிறோம்! ராத்திரிக்கு, ஊறவைத்த பார்லி ரொட்டியில் தக்காளி, வெங்காயம், பாலாடைக்கட்டி போட்ட 'மெர்மிசெலி'. பிறகு தைம் தேன். கேட்காமலேயே இரண்டாம் முறை வந்தது.

கை வலிக்கு ஓய்வு விட்ட நாளில் பொத்தியாவில் ஒரு கடற்பஞ்சுப் பட்டறைக்குப் போனோம். கடலிலிருந்து வந்தபடியே கிடக்கும் பஞ்சு கறுப்பாக, தோலோடு, அழுகல் நாற்றம் அடிக்கிறது. மிதித்து அலசி, சிப்பித்துணுக்குகளைக் கத்தரித்த பிறகுதான் அந்தப் பொன்னிற மிருது. மூலையில் ஒரு தட்டைக் கல் இருந்தது. முனை மழுங்கலாகச் செதுக்கி, துளை போட்டு, கயிறு கட்டியிருந்தார்கள். பழைய நாளில் இதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மூச்சடக்கிக் கடலடிக்குப் போவார்களாம். படகில் கூட்டாளி கயிற்றைப் பிடித்திருப்பான், சைகை வந்ததும் இழுப்பான். எனக்குப் புல்லரித்தது. தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்களும் கல்லைக் கட்டிக்கொண்டுதானே இறங்கினார்கள்! மேலே கயிறு பிடிப்பது மச்சான்தான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கூடப்பிறந்தவளின் தாலி அவன் கையில் இருப்பதால் பராக்குப் பார்க்க மாட்டானாம்.

இதை மச்சினனிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தான். "அதெல்லாம் சரி அத்தான். எனக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையே. நீங்க எனக்குக் கயிறு பிடிக்கும்போது யாருக்குப் பயப்படுவீங்க?" உன் அக்காவுக்குத்தான் என்றேன். அது அவனுக்கு முழுத் திருப்தி.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் காற்றுக்குழாய் வைத்த முக்குளிப்பு உடை வந்தது. ஆழமாகப் போனார்கள், நெடுநேரம் இருந்தார்கள், அவசரமாக மேலே வந்தார்கள். ரத்தத்தில் கரைந்த காற்று குமிழியிட்டு எத்தனையோ பேர் செத்தார்கள், எத்தனையோ பேருக்குக் கால் விழுந்தது. அந்த நினைவில் ஒரு நடனமே உண்டு. மசூரியில் ஒரு விருந்தில் பார்த்தேன். சங்கிலியாகக் கைகோத்து ஆடும் இளைஞர்களின் முன்வரிசையில் ஒருவர், கோலூன்றி, உதறும் காலை இழுத்து இழுத்து, விழப்போய் எழுந்து ஆடுகிறார். பிறகு கடற்பஞ்சுக்கு நோய் வந்தது, செயற்கைப் பஞ்சு வந்தது. பலர் அதற்கு முன்பே அமெரிக்காவின் டார்பன் ஸ்பிரிங்ஸுக்குப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து கயிற்றோடு வந்த கிறுக்கர்கள் புதுப் பிழைப்பானார்கள். வாழைப்பழம் பறிகொடுத்தவன் என்ற முறையில் எனக்கும் அதில் சிறு பங்கு உண்டு.

சரி, எந்த ஊர்? திரும்பி வந்ததிலிருந்து பெங்களூர்ப் பாறை நண்பர்கள் இதையே கேட்கிறார்கள். பருவம் இரண்டுக்கும் ஒன்றுதான்: வசந்தம், இல்லையென்றால் இலையுதிர்காலம். ஜிம் சுவரில் பழகியவர்கள், ஒரே நாளில் நிறைய ஏற ஆசைப்படுகிறவர்கள், கூடவே ஏறாத குடும்பத்தை அழைத்துப் போகிறவர்கள் தீவுக்குப் போங்கள். எண்பது மீட்டர்க் கயிறு ஒன்று, கொக்கி ஜோடிகள் கை நிறைய வேண்டும். பல கட்டங்களாக நாள் முழுக்க ஒரே பாறையில் ஏறப் பிடிக்கும், தொலைவில் வளையம் தெரிந்தாலும் கால் நடுங்காது என்றால் மெட்டியோரா. தலைக்கவசம் மறக்கக்கூடாது. மழை பெய்தால் பாறை காயும்வரை மடங்களைச் சுற்றுங்கள், ஈரப்பாறையில் கூழாங்கல் பிடிப்பு விடும்.

படம் பார்த்து, செலவுக் கணக்குப் போட்டு, கிரேடு பார்த்து முடிவு செய்யலாம். நாங்களும் எல்லாம் பார்த்தோம். கடைசியில் முடிவு செய்தது மச்சினனின் நடுங்கிய கால்தான், அது சரியாகவே முடிவு செய்தது. ஆகவே என் யோசனை இவ்வளவுதான்: கயிற்றின் இரண்டு முனைகளில் யாருக்குப் பயம் அதிகமோ, அவர் சொல்கிற ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.